ஷீட் மேட்டுக்குள் பைப்பை ஒளிக்காதீர்கள்

மொட்டைமாடியில் ஷீட் ரூம் போடுகிறவர்கள் எலெக்ட்ரீஷியனிடம் வைக்கும் முதல் கோரிக்கை, "பைப் வெளியே தெரியக் கூடாது" என்பதுதான். மேடும் பள்ளமுமாக மடித்த ட்ரபீசாய்டல் ஷீட்டை அடியிலிருந்து அண்ணாந்து பார்த்தால் ஒவ்வொரு மேட்டுக்கும் அடியில் ஒரு குழிவு இருக்கும். மேட்டின் உயரம் சுமார் 28 மி.மீ. என்றால் 20 மி.மீ. பிவிசி பைப் அதில் அளவெடுத்த மாதிரி உட்காரும். பார்வைக்கு அழகு, வேலையும் சீக்கிரம் முடியும். ஆனால் கூரை முழுவதிலும் பைப் போகவே கூடாத இடம் அதுதான்.

காரணம், ஸ்க்ரூ மேலிருந்து வருகிறது. ஷீட்டும் ஷீட்டும் சேரும் ஓரத்தில் அடிக்கிற சின்ன ஸ்க்ரூவின் நுனி நேராக அந்தக் குழிவுக்குள்தான் இறங்கும். ஷீட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டமான பர்லினில் அடிக்கிற, தானே துளை போடும் 55 மி.மீ. செல்ஃப் ட்ரில்லிங் ஸ்க்ரூவும் மேட்டின் வழியாகவே போகலாம். மேலே நிற்பவருக்கு அடியில் என்ன இருக்கிறது என்று தெரிய வழியில்லை. முதல் தடவை தப்பித்தாலும், புயலுக்குப் பிறகு ஷீட் மாற்றும்போதோ சோலார் தாங்கி பொருத்தும்போதோ ஸ்க்ரூ புது இடத்தில் இறங்கும்.

அமெரிக்க மின் விதித்தொகுப்பான என்.இ.சி.யில் இதற்கென்றே 2008-ல் 300.4(இ) என்று ஒரு விதி வந்தது. நெளிவுத் தகட்டுக் கூரையின் ஆகத் தாழ்ந்த பரப்பிலிருந்து பைப்பும் பாக்ஸும் குறைந்தது 38 மி.மீ., அதாவது ஒன்றரை அங்குலம், தள்ளி இருக்க வேண்டும். கனமான எஃகுக் குழாய்க்கு விலக்கு உண்டு. நம் ஊர் வேலைக்கும் இந்த அளவைக் கையில் வைத்துக்கொள்ளலாம், ஆனால் அதோடு நிறுத்தக் கூடாது. ஏன் என்று நம் ஸ்க்ரூவை வைத்தே கணக்குப் போடுவோம்.

55 மி.மீ. ஸ்க்ரூவை மேட்டில் அடித்தால் நுனி பள்ளத்தின் மட்டத்துக்குக் கீழே 27 மி.மீ. வரை வரும். அதையே பள்ளத்தில் அடித்தால் ஏறக்குறைய முழு 55 மி.மீ.யும் கீழே வரும். 40 மி.மீ. ஆழமுள்ள பர்லினைத் துளைத்துப் போனால் அடியில் 15 மி.மீ. நீட்டும். 50×25 டியூபைப் படுக்க வைத்திருந்தால் 30 மி.மீ. நீட்டும். பர்லினைத் தவறவிட்ட ஸ்க்ரூ அதன் பக்கவாட்டில் தொங்கும். எந்த ஷீட் கூரையிலும் தேடினால் இரண்டு மூன்று கிடைக்கும். ஆகவே பர்லினின் பக்கத்தில் சேடில் (பைப்பைப் பிடிக்கும் பட்டை) போட்டு பைப்பை ஒட்டுவதும் முழுப் பாதுகாப்பு இல்லை. பர்லின் டியூபுக்குள்ளேயே ஒயரை விடும் யோசனையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், ஸ்க்ரூ நுனிகள் வரிசையாகக் காத்திருக்கும் இடம் அது.

நல்ல வழி, பர்லின்களைத் தாங்கும் பெரிய சட்டமான ராஃப்டர். அது பர்லினுக்கு அடியில் இருப்பதால் 60 மி.மீ. பர்லின் என்றால் ஸ்க்ரூ நுனி எட்டாத இடைவெளி தானாகவே கிடைத்துவிடுகிறது. மெயின் லைனை ராஃப்டரின் பக்கவாட்டில், கீழ் விளிம்பை ஒட்டி, வாசலிலிருந்து பார்த்தால் தெரியாத பக்கமாகக் கொண்டுபோங்கள். சேடில் இரண்டடிக்கு ஒன்று. வெயிலில் பிவிசி தொய்யும், அதற்கு மேல் இடைவெளி விட்டால் வயிறு விழுந்துவிடும். சூடு 30 டிகிரி ஏறினால் பத்து மீட்டர் பைப் சுமார் 20 மி.மீ. நீளும். நீண்ட ஓட்டத்தில் பைப்புகளை இணைக்கும் ஒரு கப்ளிங்கையாவது பசை போடாமல் விடுங்கள். பைப்புக்கு ராஃப்டரின் பெயின்டையே அடித்துவிட்டால் பாதி ஒளிந்த மாதிரிதான்.

ஃபால்ஸ் சீலிங் போடுகிறவர்களுக்கு மறைப்பது சுலபம், சூடுதான் பிரச்சினை. சீலிங்குக்கு மேலே காற்று 50 டிகிரியைத் தொட்டால் சாதாரண பிவிசி ஒயரின் தாங்கு திறன், 30 டிகிரிக்குக் கொடுத்த அளவில் 0.71 பங்காகக் குறையும். ஏசி லைனுக்கு ஒயர் எடுக்கும்போது இதைக் கழித்துப் பார்க்க வேண்டும்.

லைட் பாக்ஸை ஷீட்டில் ரிவெட் அடித்துத் தொங்கவிடுவதைப் பார்க்கலாம். ஷீட்டில் ஓட்டை, அதன் வழியே மழைநீர், பாக்ஸுக்குள் துரு. ராஃப்டரில் எல் கிளாம்ப் போட்டு பாக்ஸை இறக்குங்கள். மூடி கீழ்நோக்கி இருக்கட்டும், பைப் பக்கவாட்டில் நுழையட்டும். பனிக்காலத்தில் ஷீட்டின் அடியில் நீர் வேர்த்துச் சொட்டும், மேல்பக்க ஓட்டை இருந்தால் அது நேராக உள்ளே போகும். சீலிங்குக்கு மேல் வருகிற ஜாயின்ட் பாக்ஸ், எல்ஈடி பேனலைக் கழற்றினால் கை எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். ஃபேனின் எடை பாக்ஸிலோ பர்லினிலோ ஏறக் கூடாது, ராஃப்டரைச் சுற்றிப் பிடிக்கும் கிளாம்பில்தான் ஏற வேண்டும்.

ஸ்க்ரூ பட்ட ஒயர் உடனே எம்சிபி என்ற தானியங்கி சுவிட்சைத் தட்டிவிடும் என்று நம்பாதீர்கள். ஃபேஸ் ஒயரின் தோலை மட்டும் கிழித்தால் ஷீட் முழுக்க மின்சாரம் ஏறி, ஏணி வைத்து ஏறுகிறவருக்காகக் காத்திருக்கும். கூரைச் சட்டத்துக்கு எர்த் கொடுங்கள். மின்கசிவு கண்டால் லைனைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி கட்டாயம். எர்த் ஒயரை எஃகுச் சட்டத்தில், வெள்ளீயம் பூசிய லக் (ஒயர் முனையில் மாட்டும் உலோகக் காது) வைத்து போல்ட் போடுங்கள். வெறும் செம்பு, அலுமினியமும் துத்தநாகமும் பூசிய கால்வால்யூம் ஷீட்டைத் தொட்டால் ஷீட் அரிக்கும்.

வேலை வரிசையும் முக்கியம். ஷீட் முழுவதும் அடித்து முடிந்த பிறகே பைப். சீலிங் மூடும் முன் சுவரிலிருந்து பைப் எத்தனை அடியில் போகிறது என்று டேப் வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு விளக்குகளையும் எல்ஈடி டிரைவர்களையும் கழற்றிவிட்டு, ஒயர் காப்பைச் சோதிக்கும் 500 வோல்ட் மெக்கரில் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே பாருங்கள். ஒரு மெகா ஓம்முக்குக் கீழே காட்டினால் மூடாதீர்கள். ஒழுகுகிறது என்று யாராவது மேலே ஏறி நாலு ஸ்க்ரூ அடித்துவிட்டு இறங்கினால், அன்றே இன்னொரு தடவை மெக்கர் வைக்க வேண்டும்.