காய்ச்சல் வராமல் வயிற்றில் வந்த கொரோனா

2021 மே கடைசி. தமிழ்நாடு முழுக்கத் தளர்வில்லா ஊரடங்கு, மதுரையில் எங்கள் தெருவில் காய்கறி வண்டியும் மருந்துக்கடையும் தவிர ஒன்றுமில்லை. ஒரு நாள் விடிகாலையில் எனக்கு வயிறு போக ஆரம்பித்தது. மதியத்துக்குள் வாந்தியும் சேர்ந்துகொண்டது. "நேத்து வச்ச மீன் கொழம்புதேன்" என்று அத்தை தீர்ப்பு சொல்லிவிட்டார். அதே குழம்பை வீட்டில் எல்லாரும்தான் சாப்பிட்டோம், மற்றவர்களுக்கு ஒரு ஏப்பம்கூடக் கிளம்பவில்லை. ஆனாலும் காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை, தொண்டை கரகரப்புகூட இல்லாதபோது யாருக்குக் கொரோனா நினைவு வரும்? போனில் பேசிய டாக்டரும் ஃபுட் பாய்சனாக இருக்கும் என்று ஓ.ஆர்.எஸ்ஸும் ஒரு ஆன்டிபயாடிக்கும் எழுதினார்.

சந்தேகத்தைக் கிளப்பியது பெருங்காயம். மோரில் கலக்க டப்பாவைத் திறந்தேன், வாசனையே இல்லை. மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய் இழுத்துப் பார்த்தேன். ம்ஹூம். கூட்டுப் பெருங்காயம் வீட்டு வாசல்வரை மணக்கும் பொருள். அப்போதுதான் இது மீன் குழம்பு விவகாரம் இல்லை என்று பட்டது.

நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளி மாதிரி எடுக்க வரிசை. "காய்ச்சல் இருக்காம்மா? மூச்சு வாங்குதா?" இரண்டுக்கும் இல்லை என்றதும் நர்ஸ் நிமிர்ந்து பார்த்தார். வயிற்றுப்போக்கு, வாந்தி, வாசனை தெரியவில்லை என்று வரிசையாகச் சொன்னதும் எழுதிக்கொண்டார். ஊர் முழுக்க ஆக்சிஜனுக்கு அலைந்துகொண்டிருந்த நேரத்தில் வயிற்றைப் பற்றிப் பேசவே கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. முடிவு பாசிட்டிவ். நெஞ்சு ஸ்கேன் சுத்தமாக இருந்ததால் வீட்டிலேயே தனிமை.

குடல் மருத்துவர் ஒருவர் பின்னால் விளக்கியபோதுதான் எனக்கு இது புரிந்தது. இந்த வைரஸ் செல்லுக்குள் நுழையப் பிடித்துக்கொள்ளும் ஏசிஇ2 என்ற ஏற்பி சிறுகுடலின் உட்சுவரில் ஏராளமாக இருக்கிறது. நுரையீரல் மாதிரியே குடலும் அதற்கு ஒரு வாசல். 2020 ஜனவரியில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் உறுதியான முதல் நோயாளிக்கே இருமல், காய்ச்சலோடு குமட்டலும் வாந்தியும் இருந்தன. பிறகு வயிறும் போனது, மலத்திலும் வைரஸ் தெரிந்தது. ஆக, என் கதை ஒன்றும் அதிசயமில்லை.

சரி, வீட்டுக்கு வந்தால் ஒரு மாத்திரைப் பை. அசித்ரோமைசின், டாக்ஸிசைக்ளின், ஐவர்மெக்டின், துத்தநாகம், வைட்டமின் சி. மேலே கபசுரக் குடிநீர். ஏற்கெனவே எதுவும் தங்காத வயிற்றில் இத்தனையும் போனால் என்ன ஆகும்? டாக்ஸிசைக்ளினும் துத்தநாகமும் வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும். வைட்டமின் சி அதிகமானால் வயிறு போகும். அசித்ரோமைசினும் அப்படியே. எது வைரஸ் செய்வது, எது மாத்திரை செய்வது என்று பிரித்தே பார்க்க முடியவில்லை. டாக்டரிடம் மறுபடி போன் போட்டு, ஒவ்வொரு மாத்திரையாகப் பெயர் சொல்லி, இது அவசியமா என்று கேட்டேன். பாதிக்கு மேல் நிறுத்தச் சொல்லிவிட்டார். கஷாயத்தையும்தான். அடுத்த மாதமே மத்திய சுகாதாரச் சேவைகள் இயக்குநரகம் லேசான பாதிப்புக்கான பட்டியலிலிருந்து ஐவர்மெக்டின், டாக்ஸிசைக்ளின், துத்தநாகம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டது என்பது தனிக்கதை.

என்னைப் பயமுறுத்தியது வேறு. எல்லார் வீட்டிலும் ஆக்சிமீட்டர் இருந்த காலம் அது. விரலில் மாட்டினால் 97, 98 என்று வரும், வீட்டில் எல்லாரும் நிம்மதியாகப் போய்விடுவார்கள். அதே கருவியில் இன்னொரு எண் உண்டு, நாடித்துடிப்பு. அதை யாரும் பார்ப்பதில்லை. படுத்திருக்கும்போதே எனக்கு 110க்கு மேல் ஓடியது, எழுந்து நின்றால் 120ஐத் தாண்டி, கண்ணும் இருட்டியது. காய்ச்சலும் இல்லை. சிறுநீர் தேயிலைத் தண்ணீர் நிறத்தில் கொஞ்சமாகப் போனது. உடம்பில் தண்ணீர் வற்றினால் இப்படித்தான் என்றார் டாக்டர். குடிப்பது தங்காவிட்டாலோ, சிறுநீர் நின்றாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ காத்திருக்காமல் வந்துவிட வேண்டும், டிரிப்ஸ் ஏற்றியாக வேண்டும் என்றும் சொன்னார்.

அதனால் ஓ.ஆர்.எஸ்ஸை ஒழுங்காகக் குடிக்கப் பழகினேன். பெரிய பாக்கெட் முழுவதும் ஒரு லிட்டர் தண்ணீரில்தான் கலக்க வேண்டும். கால் பாக்கெட்டை டம்ளரில் கண்ணளவாகப் போட்டால் கணக்கு கெட்டுவிடும். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி லிட்டருக்கு உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம். குளுக்கோஸ்தான் உப்பைக் குடல் சுவர் வழியாக உடம்புக்குள் இழுத்துச் செல்லும், பின்னாலேயே தண்ணீரும் போகும். இனிப்பு கூடினால் நேர்மாறாகக் குடல் தண்ணீரை வெளியே இழுக்கும். அதனால் மருந்துக்கடைத் தம்பி நீட்டிய ஆரஞ்சு சுவை டப்பா பானத்தை வேண்டாம் என்றுவிட்டேன். மடமடவென்று குடித்தால் அப்படியே வாந்தி. ஸ்பூனில் எடுத்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக. சலிப்புப் பிடித்த வேலைதான். ஆனால் மாலைக்குள் நாடி நூறுக்குக் கீழே வந்தது.

சாப்பாடு நொய்க்கஞ்சி, உப்புப் போட்ட மோர், வாழைப்பழம், அப்புறம் இட்லி. போனில் உறவுக்காரர்கள் சொன்னதோ மிளகு, பூண்டு, இஞ்சி, ஆட்டுக்கால் சூப், தினம் மூன்று முட்டை! எதிர்ப்புச் சக்தியாம். அன்போடு சொன்னார்கள், நானும் "சரி சித்தி, சரி சித்தி" என்று கேட்டுக்கொண்டேன்.

ஒரே கழிப்பறை உள்ள வீட்டில் வயிற்றுப்போக்கோடு தனிமை என்பது எவ்வளவு பெரிய கொடுமை என்று எந்த விளம்பரமும் சொல்லவில்லை. ஒவ்வொரு முறையும் பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றி, குழாய்த் திருகைத் துடைத்து, ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு, தலை சுற்றலோடு சுவரைப் பிடித்தபடி அறைக்குத் திரும்ப வேண்டும். தொண்டையில் நெகட்டிவ் வந்த பிறகும் மலத்தில் வைரஸின் மரபணுத் துணுக்குகள் கொஞ்ச நாள் தெரியலாம். சாக்கடை நீரைச் சோதித்துத் தொற்றைக் கணிப்பதும் இதை வைத்துத்தான். நோய் முக்கியமாகப் பரவுவது மூச்சுக்காற்றில்தான் என்றாலும் அந்தக் குழாய்த் திருகை நான் விடவில்லை. கணவருக்கு எப்படியும் வந்தது. அவருக்குக் காய்ச்சலும் இருமலும், வயிறு கல் மாதிரி. ஒரே வீடு, ஒரே வைரஸ்.

வாசனை சீக்கிரம் திரும்பிவிட்டது. வயிறுதான் இழுத்தடித்தது. பால் காபி குடித்தால் உடனே ஓட வேண்டும், சாப்பிட்டதும் உப்புசம். மேலே சொன்ன குடல் மருத்துவரிடம் போனது இதற்காகத்தான். எடை குறைகிறதா, ரத்தம் போகிறதா, தூக்கத்தில் எழுப்புகிறதா என்று கேட்டார். மூன்றும் இல்லை. குடல் தொற்றுக்குப் பிறகு பாலைச் செரிக்கும் நொதி கொஞ்ச காலம் குறையும், குடலும் தொட்டதற்கெல்லாம் துடிக்கும், பெரும்பாலும் தானாகச் சரியாகும் என்றார். பாலை நிறுத்தி, தயிரை வைத்துக்கொண்டேன். தீபாவளி நெருங்கும்போது காபி ஒத்துக்கொள்ள ஆரம்பித்தது.

ராத்திரியில் கொண்டைக்கடலை சாப்பிட்டால் மட்டும் இன்றும் வயிறு உப்பிக்கொள்கிறது. இது கொரோனாவாலா, வயசாலா டாக்டர் என்று கேட்டேன். ராத்திரி எதுக்கும்மா கொண்டைக்கடலை என்றார்.