குடும்பப் பெயர் கட்டம்

ஜூலை 12, 2025, சனி

முடிவு செய்துவிட்டேன். அக்டோபரில் ஜெர்மனி போகிறேன்.

கொலோன் நகரத்தில் அனுகா உணவுக் கண்காட்சி, அக்டோபர் 4 முதல் 8 வரை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் நடக்கும். இதை விட்டால் அடுத்தது 2027. இட்லிப் பொடி, பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி என்று மூன்றே சரக்கை வைத்துக்கொண்டு சிங்கப்பூரில், செனோக்கோவில் ஒரு சின்ன யூனிட்டில் ஏழு வருடமாக அரைக்கிறேன். தேக்காவில் சில கடைகள், ஈசூனில் இரண்டு, கொஞ்சம் ஆன்லைன். வாடகையும் கரண்டும் ஏறுகிற வேகத்துக்கு இந்த ஊர் விற்பனை மட்டும் போதவில்லை.

டோர்ட்மண்டில் இருக்கும் ஈழத்து அண்ணன் ஒருவர் தமிழ்க் கடைகளுக்கெல்லாம் சரக்குப் போடுகிறார். போன மாதம் அவருக்கு மாதிரி அனுப்பியிருந்தேன். நேற்று போன் செய்தார். "தங்கச்சி, பொடி நல்லாத்தான் இருக்கு. ஆனா எள்ளுப் போட்ட சாமான் எண்டா லாப் ரிப்போட் இல்லாமல் ஒண்டும் செய்யேலாது. அனுகாவுக்கு வாங்கோ, நானும் வாறன். இன்னும் நாலு பேரைக் காட்டி விடுறன்."

எள் விஷயம் எனக்குத் தெரியாததில்லை. 2020-இல் இந்திய எள்ளில் எத்திலீன் ஆக்சைடு இருப்பதைக் கண்டுபிடித்ததிலிருந்து ஐரோப்பாவில் கெடுபிடி அதிகம். கிருமி கொல்ல அடிக்கும் வாயு அது. உணவில் அதை அங்கே அனுமதிப்பதில்லை. இங்கேயும் 2024 ஏப்ரலில் இதே காரணத்துக்காக இந்திய மீன் மசாலா ஒன்றைக் கடைகளிலிருந்து திரும்ப எடுக்க வைத்தார்கள். அன்றைக்கே என் எள் எங்கிருந்து வருகிறது, யார் சுத்தம் செய்கிறார்கள் என்று கேட்டு எழுதி வாங்கி வைத்துவிட்டேன். ரிப்போர்ட் எடுத்துவிடலாம்.

எடுக்க வேண்டிய இன்னொன்று விசா. எங்கள் வீட்டில் நான்கு பாஸ்போர்ட். இவர், மகன், அத்தை மூவருடையதும் சிங்கப்பூரின் சிவப்பு. அவர்களுக்கு டிக்கெட் இருந்தால் போதும். என்னுடையது இந்தியாவின் நீலம்.

ஜூலை 20, ஞாயிறு

மகன் உட்கார்ந்து விதிமுறை எல்லாவற்றையும் படித்துச் சொன்னான். பாலிடெக்னிக் பாடத்தைக்கூட இவ்வளவு கவனமாகப் படித்து நான் பார்த்ததில்லை.

பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாள் முன்னதாகக் கொடுத்துவிட வேண்டும். முடிவு சொல்ல 15 நாள், சிக்கல் என்றால் 45 நாள்வரை எடுத்துக்கொள்வார்கள். கட்டணம் 90 யூரோ. போன வருடம் ஜூன் வரைக்கும் 80-ஆக இருந்ததாம். 30,000 யூரோவுக்குக் குறையாமல் மருத்துவக் காப்பீடு வேண்டும். பாஸ்போர்ட்டில் இரண்டு வெற்றுப் பக்கம் இருக்க வேண்டும், ஐரோப்பாவைவிட்டுத் திரும்பும் தேதியிலிருந்து மூன்று மாதமாவது அது செல்லுபடியாக வேண்டும். இந்த ஜனவரியில்தான் புதுப்பித்தேன், அந்தக் கவலை இல்லை.

இதற்கு மேல் நிரந்தரவாசிக்கான காகிதங்கள்: நீல அடையாள அட்டை, மறுநுழைவு அனுமதி, நிறுவனங்களைப் பதிவு செய்யும் அக்ரா அமைப்பிலிருந்து நிறுவன விவரம், வருமான வரிக் கணக்கு, மூன்று மாத பேங்க் ஸ்டேட்மென்ட். அரசாங்க இணையச் சேவைகளுக்கான சிங்பாஸ் கணக்கு இருப்பதால் பாதி அரை மணி நேரத்தில் இறங்கிவிட்டது.

நாத்தனார் போனில் கேட்டாள்: "அவ்வளவு தூரம் போறீங்க, அப்படியே பாரிஸையும் பார்த்துட்டு வரலாமே அண்ணி?" ஒரே விசாவில் ஐரோப்பாவில் 29 நாடு போகலாம் என்பது உண்மைதான். ஆனால் எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறோமோ அந்த நாட்டிடம்தான் விசா கேட்க வேண்டும். ஜெர்மனியிடம் கேட்டுவிட்டுப் பாரிஸில் ஒரு வாரம் என்று திட்டம் கொடுத்தால் சந்தேகம் வரும். வேண்டாம். போகும் வேலைக்குப் போய்விட்டு வருகிறேன்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

படிவத்தின் முதல் கட்டத்திலேயே நின்றுவிட்டேன்.

ஒன்றாவது கட்டம் குடும்பப் பெயர். இரண்டாவது, பிறக்கும்போது இருந்த குடும்பப் பெயர். மூன்றாவதுதான் சொந்தப் பெயர். என்னிடம் இருப்பது மூன்றாவது மட்டும்.

நம் ஊரில் யாருக்கு இருக்கிறது குடும்பப் பெயர்? அப்பா பெயரின் முதல் எழுத்து, ஒரு புள்ளி, பிறகு நம் பெயர். பள்ளிக்கூடச் சான்றிதழில் அப்படித்தான் இருக்கிறேன். 2005-இல் திருச்சியில் முதல் பாஸ்போர்ட் எடுத்தபோது, ஏஜென்ட் அந்த இனிஷியலையும் விட்டுவிட்டு வெறும் பெயரை எழுதிக் கொடுத்தார். கல்யாண அவசரத்தில் யாரும் கவனிக்கவில்லை. அதன்படியே வேலை அனுமதி, நிரந்தரவாசம், அடையாள அட்டை எல்லாம் வந்தன. இருபது வருடமாக அரசாங்கக் கணக்கில் நான் ஒற்றைப் பெயர்க்காரி.

இது என் ஒருத்திக்கு மட்டும் வந்த தொல்லையும் இல்லை. அமெரிக்க விசாவில் இப்படிப்பட்டவர்கள் பெயருக்கு முன்னால் 'எஃப்என்யூ' என்று போடுவார்கள், முதற்பெயர் தெரியவில்லை என்று அர்த்தம். பெற்றவர்கள் யோசித்து வைத்த பெயரைக் குடும்பப் பெயர் கட்டத்துக்குத் தள்ளிவிட்டு, சொந்தப் பெயரே தெரியாதவர் என்று எழுதுகிறார்கள். 2022 நவம்பரில் அமீரகம் ஒற்றைப் பெயர்க்காரர்களுக்குச் சுற்றுலா விசா கிடையாது என்று அறிவித்தபோது, துபாய் போக இருந்த எத்தனையோ பேர் தவித்தார்கள். பிறகு, பாஸ்போர்ட்டில் வேறு பக்கத்தில் அப்பா பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் பரவாயில்லை என்று தளர்த்தினார்கள்.

இரவு சாப்பிடும்போது அத்தை சொன்னார். "ஜனவரியில புதுப்பிச்சப்பவே அவன் பேரைச் சேர்த்திருக்கலாமேம்மா. எல்லாரும் அப்படித்தானே செய்றாங்க?" அவர் தவறாக எதுவும் சொல்லவில்லை. எனக்குச் சுலபமாக இருக்கட்டும் என்றுதான் சொன்னார். இவரும், "உனக்கு எது சரின்னு படுதோ அதைச் செய்" என்றார்.

எனக்கு மனமில்லை. இவர் பெயரில் குறை ஒன்றுமில்லை. ஆனால் என் பெயரோடு ஒரு பெயர் சேர வேண்டுமென்றால் அது அப்பாவுடையதுதான். ஏஜென்ட் விட்டது அதைத்தான்.

ஆகஸ்ட் 9, சனி

தேசிய தினம், அறுபதாவது. புளோக் முழுக்கக் கொடி. யூனிட்டுக்கு விடுமுறை. மாலையில் அணிவகுப்பைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். விமானங்கள் போன சத்தம் ஈசூன் வரைக்கும் கேட்டது போல இருந்தது, மகன் இல்லை என்கிறான்.

பகலில் ஹோட்டல், டிக்கெட், காப்பீடு மூன்றையும் போட்டு முடித்தேன். கண்காட்சி நுழைவுச் சீட்டும் வாங்கிவிட்டேன்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

விசா மையத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். தப்பு என்னுடையது.

கவுன்டரில் இருந்த பெண் என் காகிதங்களை மேசையில் வரிசையாகப் பரப்பினார். விமான டிக்கெட்டில் கடைசிப் பெயர் கேட்டபோது அப்பா பெயரைப் போட்டிருக்கிறேன். காப்பீட்டில் இவர் பெயர். ஹோட்டலில் என் பெயரையே இரண்டு தடவை. கண்காட்சிச் சீட்டில் வெறும் இனிஷியல். ஒவ்வொரு இணையதளமும் அந்தக் கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்கு விடவில்லை. அன்றைக்கு என்ன தோன்றியதோ அதை எழுதியிருக்கிறேன்.

அவர் பேனா முனையால் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டி, "இந்த நான்கு பேரில் பயணம் செய்யப் போவது யார்?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. தூதரகத்தில் பார்க்கிறவருக்கு அப்படித்தான் தெரியும் என்று எச்சரிப்பதுபோலக் கேட்டார். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பிறகு அவரே வழி சொன்னார். குடும்பப் பெயர் கட்டத்தில் பாஸ்போர்ட்டில் உள்ள பெயர், சொந்தப் பெயர் கட்டத்தில் ஒரு கோடு. மற்ற எல்லாக் காகிதத்திலும் அதே பெயர், வேறு எதுவும் சேர்க்கக் கூடாது. கூடவே ஒரு விளக்கக் கடிதமும், பாஸ்போர்ட் கடைசிப் பக்கத்தின் நகலும். எனக்குச் சொன்னது இது. மற்றவர்கள் தங்கள் மையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். படிவத்தை நிரப்பும் முன்பே கேளுங்கள், டிக்கெட் போட்ட பிறகு அல்ல.

ரயிலில் வரும்போது கடைசிப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். நான் அதைப் பார்த்தே பல வருடம் ஆகியிருக்கும். முதலில் அப்பா பெயர், அதன் கீழே அம்மா பெயர், அடுத்து இவர் பெயர், பிறகு வீட்டு முகவரி. எல்லாரும் அங்கேதான் இருக்கிறார்கள்.

ஆகஸ்ட் 21, வியாழன்

காப்பீட்டில் பெயரை உடனே மாற்றிக் கொடுத்தார்கள். ஹோட்டலுக்கு ஒரு மின்னஞ்சல் போதுமானதாக இருந்தது. விமான நிறுவனத்தோடுதான் மூன்று முறை போனில் பேச வேண்டியிருந்தது. கடைசியில், அவர்கள் முறையில் ஒற்றைப் பெயரை இரண்டு கட்டத்திலும் போடுவதுதான் வழக்கம் என்று எழுதிக் கொடுத்தார்கள். அதையும் கடிதத்தோடு இணைத்தேன்.

விளக்கக் கடிதத்தை நானே எழுதினேன். தமிழர்களுக்குக் குடும்பப் பெயர் இல்லை, தந்தை பெயரே அடையாளம், அது என் பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. மூன்றே வரி.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

இன்று காகிதங்கள் எல்லாம் சரி. போட்டோவும் சரி, 35-க்கு 45 மில்லிமீட்டர், பொட்டு இருந்ததற்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கைரேகையில் சிக்கிக்கொண்டேன்.

முதலில் இடது கை நான்கு விரல், பிறகு வலது கை நான்கு, கடைசியில் இரண்டு கட்டை விரலும் சேர்த்து. இடது கை முதல் தடவையே பச்சை காட்டியது. வலது கையில் ஆள்காட்டி விரல் மட்டும் சிவப்பு. மறுபடி வைத்தேன், சிவப்பு. கட்டை விரலும் அப்படியே. சாங்கி விமான நிலையத்தில் இப்போது கண்ணையும் முகத்தையும்தான் பார்க்கிறார்கள், பெருவிரலை எங்கேயும் வைத்து வருடக்கணக்காகிறது. அதனால் எனக்கே இது தெரியாமல் போயிருக்கிறது.

ஏன் அந்த இரண்டு விரல் மட்டும் என்று அங்கேயே நின்று யோசித்தேன். பொடி அரைபட்டு விழும்போது ஒரு சிட்டிகை எடுத்து, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தேய்த்துப் பார்ப்பேன். எள் எண்ணெய் விட்டுவிட்டதா, பருப்பு இன்னும் ரவையாக இருக்கிறதா என்று கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும். ஒரு நாளில் நாற்பது ஐம்பது தடவையாவது இருக்கும். அறந்தாங்கியில் அப்பா மாவு மில் வைத்திருந்தார். மிளகாய் வந்தாலும் அரிசி வந்தாலும் பெல்ட் ஓடும்போதே கையை நீட்டி இப்படித்தான் பார்ப்பார். அவரைப் பார்த்து எனக்கு வந்த பழக்கம். அவர் கையைத் தொட்டால் அந்த இரண்டு விரலும் வழுவழுவென்று இருக்கும்.

கைரேகை எடுத்த பெண் பொறுமையானவர். ஈரத் துணியால் துடைக்கச் சொன்னார், பிறகு கொஞ்சம் கிரீம் கொடுத்துத் தேய்க்கச் சொன்னார், ஐந்து நிமிடம் உட்கார வைத்தார். ஆறாவது தடவை என் விரல்மேல் தன் விரலை வைத்து மெதுவாக அழுத்தினார். பச்சை. இதை 59 மாதம்வரை திரும்பப் பயன்படுத்துவார்களாம், அதற்குள் மறுபடி விண்ணப்பித்தால் பெரும்பாலும் திரும்ப எடுக்கத் தேவையில்லை என்றார்.

அரைக்கும் வேலை, கட்டட வேலை, பாத்திரம் கழுவும் வேலை செய்கிறவர்கள் போவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே இரவில் கைக்கு எண்ணெய் தடவிக்கொண்டு படுங்கள். போகிற நாள் காலையில் கழுவித் துடைத்துவிடுங்கள்.

செப்டம்பர் 6, சனி

லாப் ரிப்போர்ட் வந்துவிட்டது. எத்திலீன் ஆக்சைடு இல்லை. டோர்ட்மண்ட் அண்ணனுக்கு உடனே அனுப்பினேன். விசா பற்றி இன்னும் தகவல் இல்லை.

செப்டம்பர் 11, வியாழன்

பாஸ்போர்ட் வந்தது. கூரியர்காரர் போன பிறகும் உறையைப் பிரிக்காமல் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தேன். அத்தைதான், "பிரிம்மா, எதுவா இருந்தாலும் பார்த்துக்கலாம்" என்றார்.

விசா ஒட்டியிருக்கிறது. ஒருமுறை நுழைய அனுமதி, தங்க எட்டு நாள். பெயர் வரியில் என் பெயர் மட்டும். ஒவ்வோர் எழுத்தாகப் பாஸ்போர்ட்டோடு வைத்துச் சரிபார்த்தேன், மகனையும் ஒருமுறை பார்க்கச் சொன்னேன்.

அக்டோபர் 12-லிருந்து ஐரோப்பிய எல்லையில் முத்திரைக்குப் பதிலாக, வருகிறவர்களின் விவரத்தைக் கணினியில் பதியும் புது முறை தொடங்குகிறதாம். நான் 10-ஆம் தேதியே திரும்பிவிடுவேன். எனக்கு முத்திரை விழும்.

அம்மாவுக்குப் போன் போட்டேன். "உங்க அப்பா இருந்திருந்தா ஊர் முழுக்கச் சொல்லியிருப்பாரு" என்றாள். விரல் விஷயத்தைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ராத்திரி வெண்ணெய் தடவு" என்றாள்.

செப்டம்பர் 28, ஞாயிறு

பெட்டி கட்டியாயிற்று. 50 கிராம் பாக்கெட்டாக அறுபது. அத்தை இட்லிப் பொடிக்குத் தொட்டுக்கொள்ள நெய்யும் வைத்தார். பால் பொருள் கொண்டுபோக அங்கே தடை, எடுத்து வைத்துவிட்டேன். நல்லெண்ணெய் மட்டும் ஒரு சின்னப் பாட்டில், நன்றாகச் சுற்றிப் பெட்டியில்.

லாப் ரிப்போர்ட், விளக்கக் கடிதம், கடைசிப் பக்க நகல் மூன்றும் கைப்பையில். வியாழன் இரவு விமானம். நாளை காலை கடைசியாக ஒரு ஈடு அரைக்க வேண்டும், தேக்கா கடைக்காரர் கேட்டிருக்கிறார்.