வெள்ளரித் தேமலைத் தட்டைப்பயற்றில் ஏற்றிப் பார்த்தேன்

மொட்டை மாடியில் இருந்த மூன்று வெள்ளரிக் கொடிகளில் ஒன்று மாசி மாதத் தொடக்கத்தில் சுருங்க ஆரம்பித்தது. இலையில் வெளிர்பச்சையும் கரும்பச்சையும் திட்டுத் திட்டாக இருந்தன, பிஞ்சிலும் அதே தேமல். அன்றைக்கே பிடுங்கி எறிந்திருக்க வேண்டும். ஆனால் இது எந்த வைரஸ் என்று பார்க்கிற ஆசை வந்துவிட்டது.

வெள்ளரியில் இப்படித் தேமல் போடுபவை நாலைந்து உண்டு. சுகினி மஞ்சள் தேமல் வைரஸ், பப்பாளி வளையப்புள்ளி வைரஸின் பூசணி வகை, வெள்ளரிப் பச்சைத் தேமல் வைரஸ் எல்லாம் பெரும்பாலும் பூசணிக் குடும்பத்துக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருப்பவை. வெள்ளரித் தேமல் வைரஸ், சுருக்கமாக சி.எம்.வி., அப்படியில்லை. 1916-இல் அமெரிக்காவில் வெள்ளரியில் கண்டு எழுதியதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. தக்காளி, மிளகாய், வாழை, மிளகு, சாமந்தி என்று 1,200-க்கும் மேற்பட்ட செடியினங்களில் அது வாழும். ஆக, எந்தெந்தச் செடியில் ஏறுகிறது என்று பார்த்தாலே பாதித் துப்பு கிடைத்துவிடும்.

முதல் முயற்சி வீண். தேமல் இலையைத் தண்ணீர் விட்டு அம்மியில் அரைத்து, சாற்றைப் பஞ்சால் தட்டைப்பயற்று இலையில் தடவினேன். பத்து நாளாகியும் ஒன்றும் நடக்கவில்லை. "அம்மி எனக்கு வேணும்டா, உன் சீக்குச் செடிய எல்லாம் அதுல அரைக்காதே" என்று அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதுதான் மிச்சம். அப்புறம்தான் தவறு புரிந்தது. வைரஸால் இலைத்தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போக முடியாது. அதற்குக் கண்ணுக்குத் தெரியாத கீறல் வேண்டும்.

இரண்டாம் முறை மருந்து அரைக்கிற சின்னக் கல்வம் ஒன்று வாங்கி ஃபிரிட்ஜில் வைத்துக் குளிரவைத்தேன். கல்லூரி ஆய்வகத்தில் வேலை பார்க்கும் நண்பர் சாற்றின் அமிலத்தன்மை மாறாமல் வைத்திருக்கும் பாஸ்பேட் பஃபர் கரைசல் கொஞ்சம் கொடுத்தார். பட்டறைச் சாமான் விற்கும் கடையில் இலையில் அந்தக் கீறலைப் போட, நைசான கார்போரண்டம் என்ற உராய்வுத் தூள் கிடைத்தது. ஒன்பது நாள் வயதுப் பயற்று நாற்றின் முதல் ஜோடி இலைகளில், முகத்துக்குப் பவுடர் போடுகிற அளவுக்குத் தூவினேன். இலைக்கு அடியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, சாறு தொட்ட விரலால் ஒரே ஒரு தடவை இழுத்தேன். அழுத்தினால் இலையே கருகிவிடும், ஒன்று கருகியது. உடனே தண்ணீரால் கழுவினேன். ஒப்பிட்டுப் பார்க்க, இரண்டு நாற்றுகளுக்கு மட்டும் நோயில்லாத நல்ல வெள்ளரி இலைச் சாறு. எல்லாவற்றையும் கொசுவலைக் கூண்டுக்குள் வைத்தேன். சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி வந்து உட்கார்ந்தால் கணக்கே குழம்பிவிடும்: நோய்ச் செடியில் சில நொடி உறிஞ்சினாலே அதன் வாயில் வைரஸ் ஒட்டிக்கொள்ளும்.

நான்காம் நாள் காலை. தடவிய இலைகளில் குண்டூசித் தலை அளவுக்குப் பழுப்புப் புள்ளிகள். ஒரு இலையில் மட்டும் 23 எண்ணினேன். புதிதாக வந்த இலைகள் சுத்தமாக இருந்தன. வைரஸ் நுழைந்த இடத்திலேயே செடி தன் செல்களைக் கொன்று அதை அடைத்துவிடுகிறது. தட்டைப்பயற்றில் சி.எம்.வி.க்கு வழக்கமான அறிகுறி இதுதான். நல்ல சாறு தடவிய இரண்டு நாற்றிலும் ஒரு புள்ளி கூட இல்லை. ஆய்வகச் சோதனை செய்யாமல் முடிவு என்று சொல்ல மாட்டேன், ஆனால் என் சந்தேகம் ஒரே பக்கம் சாய்ந்துவிட்டது.

அதே நோய்ச் சாற்றை மிளகாய், கத்தரி, தக்காளி நாற்றுகளிலும் தடவியிருந்தேன். மிளகாயில் பதினேழாம் நாள் லேசான தேமல் தெரிந்தது. கத்தரி அசையவே இல்லை. தக்காளிதான் மிரட்டியது: நான்காம் வாரத்தில் நுனி இலைகள் அகலமே இல்லாமல் நூல் நூலாக நீண்டன.

காத்திருந்த நாட்களில் இரவு வேலையாக, மரபணு வரிசைகளைச் சேர்த்துவைக்கும் ஜென்பேங்க் தளத்திலிருந்து உலகின் பல இடத்து சி.எம்.வி. மாதிரிகளின் உறைப்புரத (வைரஸைப் போர்த்தியிருக்கும் புரதம்) மரபணுவை இறக்கினேன். 657 எழுத்துகள்தான். 'மெகா' (MEGA) என்ற மென்பொருளில் வரிசைப்படுத்தி வம்சமரம் போட்டேன். வாழை வைரஸ் ஒரு கிளை, தக்காளி வைரஸ் ஒரு கிளை என்று பிரியும் என எதிர்பார்த்தேன். அப்படி எதுவும் இல்லை. பெரிய பிரிவுகள் இரண்டே; அவற்றுக்குப் பெயரே 'ஒன்று', 'இரண்டு' என்பதுதான். 'ஒன்று' பிரிவுக்குள் ஏ, பி என்று உட்பிரிவுகள். நம் நாட்டு மாதிரிகள் பெரும்பாலும் ஆசியாவில் அதிகம் காணும் ஒன்று-பி-க்குள் விழுந்தன. அதற்குள் வாழை, மிளகாய், மிளகு எல்லாம் கலந்து கிடந்தன.

இதிலும் ஒரு சிக்கல். சி.எம்.வி.யின் மரபுப்பொருள் மூன்று ஆர்.என்.ஏ. துண்டுகளாகத் தனித்தனித் துகள்களில் பயணிக்கிறது. ஒரே செடியில் இரண்டு வகை தங்கினால், கல்யாண வீட்டு வாசலில் செருப்பு மாறுவதுபோலத் துண்டுகள் மாறிப்போகும். உறைப்புரதம் இருப்பது மூன்றாம் துண்டில். நான் போட்ட மரம் அந்த ஒரு துண்டின் வம்சாவளிதான். முதல் துண்டுக்கும் போட உட்கார்ந்தேன், பாதி மாதிரிகளுக்கு அந்த வரிசையே கிடைக்கவில்லை.

உறைப்புரதத்தில் 129-ஆவது அமினோ அமிலத்தை மட்டும் தனியாகத் தேடிப் பார்த்தேன். அந்த இடத்தில் புரோலின் இருக்கும் வகை புகையிலையில் பச்சைத் தேமல் போடுகிறது, லியூசின் இருக்கும் வகை இலையையே மஞ்சளாக்குகிறது. ஒரே ஒரு அமிலம்!

சோதனைச் செடிகளை எல்லாம் எரித்தாயிற்று. பெரியப்பா வாழைக்கு நடுவில் ஊடுபயிராகப் பூசணி போடப் போவதாகச் சொன்னார். "வேண்டாம் பெரியப்பா, பூசணியில் வந்தால் வாழைக்கும் தாவும்" என்று நூல் நூலான தக்காளி இலைப் படத்தை அனுப்பினேன். "இது என்னடா, சவுக்கு இலையா?" என்று கேட்டிருக்கிறார்.