தகப்பன் கையொப்பம்: ஒரு நாவலின் நாட்குறிப்பு

ஜூன் 14

நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்தில் பெண்களுக்கென அமைந்த ஜான்சி ராணிப் படையைப் பற்றிய நாவலில் டாக்டர் லட்சுமி சுவாமிநாதனைக் கதைத்தலைவி ஆக்குவதில்லை என்று இன்று முடிவு செய்தேன். 1938இல் சென்னையில் மருத்துவப் பட்டம் பெற்று, 1940இல் சிங்கப்பூருக்கு வந்து, 1943 ஜூலை 12 அன்று சுமார் 20 பெண்களைச் சேலையிலேயே துப்பாக்கி ஏந்தி அணிவகுக்கச் செய்தவர் அவர். தம் வாழ்க்கையைத் தாமே பேசியும் எழுதியும் வைத்துவிட்டார். அப்படிப்பட்டவரின் வாயில் நான் வசனம் வைப்பது அதிகப்பிரசங்கித்தனம். பதினெட்டு வயதில் கோலாலம்பூரிலிருந்து வந்து படையின் இரண்டாம் நிலைத் தலைமைக்கு உயர்ந்து, 2000இல் பத்மஸ்ரீ பெற்ற ஜானகி ஆதி நாகப்பனுக்கும் இது பொருந்தும். பதிவு அவர்களை எங்கே நிறுத்துகிறதோ அங்கே மட்டும் அவர்கள் என் கதையில் வந்து போவார்கள்.

எனக்கு வேண்டியவர்கள் பின்வரிசையில் நின்ற தோட்டத்துப் பெண்கள். படையில் சேர்ந்தவர்களுள் பலர் மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து வந்த தமிழ்ப் பெண்கள் என்று எல்லாரும் எழுதுகிறார்கள். எழுதிவிட்டு அடுத்த பத்தியில் தலைவர்களிடம் திரும்பிவிடுகிறார்கள். ஜோகூர்த் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டும் பத்தொன்பது வயது அஞ்சலை, முழுக்க முழுக்க என் கற்பனை, அந்த வரிசையிலிருந்துதான் வருகிறாள்.

ஜூன் 22

படையின் பயிற்சி முகாம் 1943 அக்டோபர் 22 அன்று சிங்கப்பூரின் வாட்டர்லூ ஸ்திரீட்டில் திறக்கப்பட்டது. தேசிய நூலகத்திலிருந்து நடந்தே போய்விடலாம். கிருஷ்ணன் கோயிலுக்கும் குவான் இம் கோயிலுக்கும் வருகிற கூட்டத்தில் நின்றுகொண்டு அந்தக் காலைப் பொழுதை மனத்தில் அமைக்க முயன்றேன். முதலில் சரிசெய்ய வேண்டியிருந்தது கடிகாரத்தைத்தான். ஜப்பானியர்கள் ஆக்கிரமிப்புக் காலத்தில் இங்கே தோக்கியோ நேரத்தைப் புகுத்தியதால் கடிகாரங்கள் ஒன்றரை மணி நேரம் முன்னால் ஓடின. அக்டோபரில் சூரியன் உதிக்கும்போது கடிகாரம் ஏழே முக்காலைக் காட்டியிருக்கும். ஆகவே என் கதையில் ஆறு மணிக்கு ஊதப்படும் எக்காளம் நல்ல இருட்டில்தான் ஒலிக்க வேண்டும். அஞ்சலைக்கு அது பெரிய கஷ்டமில்லை. இருட்டில் எழுந்து, தோட்டத்தில் வேலைக்கு முன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் பெயர் கொடுத்து வளர்ந்தவள், வரிசையில் நிற்கக் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. காலணிதான் அவளைப் படுத்தும். கட்டளைகள் இந்துஸ்தானியில் இருந்ததால் பொருள் புரியாமலேயே உடம்பு திரும்பப் பழக வேண்டும். அந்த அத்தியாயத்தில் அவள் பக்கத்தில் நிற்பவளைப் பார்த்தே திரும்புகிறாள்.

ஜூன் 27

வேலைப்பளு. ஒரு பத்திகூட எழுதவில்லை. மரவள்ளிக்கிழங்கு மாவில் ரொட்டி சுடும் காட்சியை மட்டும் வெட்டினேன். ஆக்கிரமிப்புக் காலக் கதை என்றாலே அந்தக் கிழங்கு கட்டாயம் தலைகாட்டிவிடுகிறது.

ஜூலை 9

1943இல் இதே நாளில் பாடாங் திடலில் பெருங்கூட்டத்தின் முன் பேசிய நேதாஜி பெண்கள் படைக்கு அழைப்பு விடுத்தார். நானோ நாள் முழுவதும் ஒரே ஒரு தாளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

படையில் சேரத் தகப்பனாரின் கையொப்பம் வேண்டும். அதை வாங்க ஜானகி பட்ட பாட்டை அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அஞ்சலையின் அப்பாவையோ, சயாமிலிருந்து (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்கு ஜப்பானியர்கள் போட்ட ரயில்பாதை வேலைக்குப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதையின் இரு முனைகளும் இணைந்தது 1943 அக்டோபர் 17. முகாம் திறந்தது ஐந்து நாள் கழித்து. மலாயாவிலிருந்து போன தமிழர்கள் பல்லாயிரக்கணக்கில் அங்கே காலராவிலும் பட்டினியிலும் மடிந்தார்கள். தகப்பனைக் கொண்டுபோன அதே ஜப்பானின் தோழமையில் உருவான படையில்தான் மகள் சேரப்போகிறாள். இந்த முரணைத் தவிர்த்துவிட்டு இந்த நாவலை எழுதுவதில் அர்த்தமே இல்லை.

சரி, யார் கையொப்பமிடுவது? அப்பா இறந்துவிட்டார் என்று எழுதினால் அம்மா கைநாட்டு வைக்கலாம். ஆனால் அப்படி எழுதச் சம்மதித்தால் அன்று மாலையே அவள் தாலியைக் கழற்ற வேண்டும். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் இருக்கும் பெண்கள் விடமாட்டார்கள். வந்த சேதி எதுவும் இல்லாமல், மகள் ஒரு படையில் சேர்வதற்காக, உயிரோடு இருக்கக்கூடிய புருஷனை ஒரு தாளில் சாகடிக்க அந்த அம்மா மறுக்கிறாள். இந்த இடத்தில் அம்மா நான் நினைத்திருந்ததைவிடப் பெரிய பாத்திரமாகிவிட்டாள். கடைசியில் விண்ணப்பம் நிரப்பும் பெண், அவளும் கற்பனைதான், தகப்பனார் பெயருக்கு எதிரே "சயாமில் வேலை" என்று எழுதி, கீழே அம்மாவின் பெருவிரலை மையில் தோய்த்து அழுத்துகிறாள். பால் பிசினும் கத்தித் தழும்புமாக இருக்கும் விரலில் ரேகை சரியாக விழவில்லை. இரண்டாம் முறை அழுத்துகிறார்கள்.

ஜூலை 21

அத்தியாயங்களை முதலில் வாசிக்கும் இளைய தோழி இன்று தேக்காவில் தேநீர் குடிக்கும்போது, "அக்கா, இவள் சோற்றுக்காகத்தானே படையில் சேர்கிறாள்? வாசகர்களுக்குக் கோபம் வராதா?" என்று கேட்டாள்.

வந்தால் வரட்டும். தோட்டத்தில் பசி, கங்காணியின் பார்வை, பாதுகாப்பில்லாத இரவுகள். முகாமில் சாப்பாடு, சீருடை, பெயர் சொல்லி அழைக்கும் மரியாதை. இவற்றைத் தேடி வந்தவளுக்கு நாட்டுப்பற்று இருக்காது என்று நினைப்பது, வயிறு நிறைந்தவர்களின் எண்ணம். வைரத்தோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்த ஜானகியும், கழற்றிக் கொடுக்க எதுவுமே இல்லாமல் வந்தவர்களும் ஒரே படையில்தான் பயிற்சி பெற்றார்கள். அஞ்சலை சோற்றுக்கும் வருவாள், விடுதலைக்கும் வருவாள். எது முதலில் என்று அவளிடம் நான் கேட்கப்போவதில்லை. முதல் நாள் உணவுக்கூடக் காட்சியில் அவள் இரண்டாம் முறை சோறு கேட்கிற வரியை அப்படியே விட்டுவிட்டு, அடுத்து 1944க்கு, படை பர்மாவுக்குப் புறப்படும் ரயிலுக்குப் போகிறேன். சயாம் வழியாகத்தான் போயாக வேண்டும். அந்தப் பாதையில் அவளை எழுதத்தான் இவ்வளவு நாளும் தயாராகிக்கொண்டிருந்தேன்.