ஆஸ்பத்திரியில் 380, வீட்டில் 48

பூனைக்கு இன்சுலின் ஊசி போடுவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே தோலை லேசாகத் தூக்கிப் பிடித்துப் போட்டுவிடலாம். எங்கள் கறுப்பன் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. எங்களைப் படுத்தியெடுத்தது டோஸ்தான்.

12 மணி நேரத்துக்கு ஒரு முறை 1 யூனிட் கிளார்ஜின் (மெதுவாக, நீண்ட நேரம் வேலை செய்யும் இன்சுலின்) என்று ஆஸ்பத்திரியில் தொடங்கினார்கள். மறுபரிசோதனைக்குப் போனால் ரத்தச் சர்க்கரை 380. உடனே 2 யூனிட். அடுத்த முறையும் கிட்டத்தட்ட அதே எண், 3 யூனிட். அந்த எண் எப்படி வந்தது என்று யாரும் யோசிக்கவில்லை. கூடையில் ஏற்றியதிலிருந்து கத்தல், காத்திருக்கும் இடத்தில் நாய்க் குரைப்பு, மேசையில் நடுக்கம். பயந்துபோன பூனைக்குச் சர்க்கரை தானாகவே எகிறும். நீரிழிவே இல்லாத பூனைக்கும் எகிறும். போதாக்குறைக்கு, பரிசோதனைக்கு அவர்கள் கொடுக்கும் நேரம் எப்போதும் அடுத்த ஊசிக்குச் சற்று முன்பு. அப்போது மருந்தின் வேகம் தணிந்திருக்கும். "வீட்டிலேயே பார்த்துச் சொல்லட்டுமா?" என்று கேட்டேன். "அதெல்லாம் உங்களால முடியாதுங்க, பூனை விடாது" என்று சிரித்தார்கள்.

3 யூனிட் தொடங்கியபின் மதியமானால் துவண்டு படுக்க ஆரம்பித்தான். போன் செய்தால், "சுகர் இருந்தா அப்படித்தான் இருக்கும்." அந்தப் பதில்தான் என்னைக் குளுக்கோமீட்டர் வாங்க வைத்தது.

பூனை விட்டது! காது மடலை வெதுவெதுப்பான துணியால் கொஞ்ச நேரம் ஒற்றி, பின்பக்கம் பஞ்சை வைத்துக்கொண்டு, ஓரத்து ரத்தக் குழாயை ஒட்டிக் குத்தினால் ஒரு துளி வரும். அது போதும். முடிந்ததும் பிடித்த தீனி. சில நாளில் பெட்டியைத் திறக்கும் சத்தம் கேட்டாலே வந்து உட்கார்ந்துவிடுவான். ஒன்று மட்டும் கவனம்: மனிதர்களுக்கான மீட்டர் பூனை ரத்தத்தில் பெரும்பாலும் சற்றுக் குறைவாகவே காட்டும். ஒரே மீட்டரை வைத்துக்கொண்டு, அது எந்த வகை என்பதையும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

ஒரு நாள் உட்கார்ந்து இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பார்த்தோம். ஊசிக்கு முன் 310. அப்புறம் 220, 120. ஆறாவது மணியில் 48. எழுந்து நடந்தவன் தள்ளாடினான். ஈறில் தேனைத் தடவினோம் (வாய்க்குள் ஊற்றக் கூடாது, புரையேறும்), கொஞ்சம் சாப்பிட வைத்தோம், கால் மணி நேரம் கழித்து 71. உயிர் வந்தது, எங்களுக்கும்தான். அப்படியே வேறொரு டாக்டரிடம் போனில் பேசினோம். அன்றிரவு ஊசியை நிறுத்தச் சொன்னார். அதன் பிறகு பாதி டோஸ், 1.5 யூனிட். ஒரு வாரமாவது போகாமல் மாற்றக் கூடாது என்றார், ஏனென்றால் கிளார்ஜின் ஒரு நிலைக்கு வரவே சில நாள் பிடிக்கும்.

1.5 என்றால் அரை யூனிட் கோடு போட்ட சிரிஞ்ச் வேண்டும். மருந்துக் கடையில் கொடுத்தது யு-40 சிரிஞ்ச், அதாவது ஒரு மில்லியில் 40 யூனிட் இருக்கும் மருந்துக்குக் கோடு போட்டது. "எல்லாம் இன்சுலின் ஊசிதான் சார்" என்றார் அந்தப் பையன். எங்கள் கிளார்ஜினோ யு-100, மில்லிக்கு 100 யூனிட். அந்தச் சிரிஞ்சில் 1 என்ற கோடுவரை இழுத்தால் உள்ளே போவது 2.5 யூனிட்! மருந்துப் புட்டியில் இருக்கும் எண்ணும் சிரிஞ்சில் இருக்கும் எண்ணும் ஒன்றா என்று ஒவ்வொரு பெட்டியிலும் பாருங்கள். கடைக்காரரிடம் கேட்பதெல்லாம் வீண். திருப்பி எடுக்கவும் மறுத்துவிட்டார்கள்.

இன்னும் இரண்டு. ஊசி உள்ளே போனதா, ரோமத்தில் வழிந்ததா என்று சந்தேகம் வந்தால் மறுபடி போடாதீர்கள். ஒரு வேளைக்குச் சர்க்கரை கூடுதலாக இருப்பது ஆபத்தில்லை, தாழ்வதுதான் ஆளைக் கொல்லும். சாப்பிடாமல் முரண்டு பிடித்தாலும் டாக்டரைக் கேட்காமல் வழக்கமான டோஸைப் போடாதீர்கள்.

இப்போது பெரும்பாலும் 100-க்கும் 250-க்கும் நடுவில் ஓடுகிறது. தண்ணீர்க் கிண்ணம் மாலைவரை காலியாவதில்லை. புது டாக்டர் நாங்கள் அனுப்பும் எண்களைப் பார்த்துத்தான் எதையும் மாற்றுகிறார். பழைய இடத்திலிருந்து "மறுபரிசோதனைக்கு நேரமாகிவிட்டது" என்று இன்னமும் குறுஞ்செய்தி வந்துகொண்டுதான் இருக்கிறது.