பச்சைப் புள்ளி

செப்டம்பர் 22, திங்கள்

ஆபீஸ் வேலைகளைப் பட்டியலிடும் போர்டில் ‘டூயிங்’ (நடந்துகொண்டிருப்பவை) கீழே 23 டிக்கெட், அதாவது 23 வேலை. என் குழுவில் ஆட்கள் 6 பேர்.

செப்டம்பர் 23

இரவு 1.10. ஆபீஸ் சாட் செயலியில், என் குழுவில் இருக்கும் எஸ் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி. ஆன்லைனில் இருக்கிறான். இந்நேரத்தில் என்ன செய்கிறான்?

செப்டம்பர் 25, வியாழன்

பணம் திருப்பித் தரும் ரீஃபண்ட் பக்கத்தில் இருந்த பிழை, அந்த ‘பக்’, மூன்றாவது முறையாகத் திரும்பி வந்திருக்கிறது. சரிசெய்தவன் திறமைசாலிதான். ஒரே நாளில் நாலு டிக்கெட்டுக்குத் தாவினால் யாருக்கும் இப்படித்தான் ஆகும்.

மத்தியானம் கோப்பிக்கடையில் தே ஓ (பால் இல்லாத தேநீர்) ஆறும்வரை டிஷ்யூவில் கணக்குப் போட்டேன். ஜான் லிட்டில் 1961இல் நிரூபித்த விதி. படிக்கும்போது வங்கி வரிசைக்கான சூத்திரம் என்று நினைத்துப் பரீட்சையோடு மறந்துவிட்டேன். கையில் இருக்கும் வேலையை, வாரத்துக்கு முடிகிற வேலையால் வகுத்தால், ஒரு வேலை முடிய சராசரியாக எத்தனை வாரம் என்று வரும். நாங்கள் வாரத்துக்கு 5 முடிக்கிறோம். 23 கையில் இருந்தால் நாலரை வாரத்துக்கு மேல். 12 இருந்தால் இரண்டரை வாரம்கூட ஆகாது. அதே 6 பேர், அதே உழைப்பு. இத்தனை மாதமாக, வந்ததையெல்லாம் “சரி, ஆரம்பிச்சிடலாம்” என்று உள்ளே விட்டது நான். எதுவும் முடியாத வாரங்கள்தான் இவர்கள் முகத்தை இப்படி வாட வைத்திருக்கின்றன.

செப்டம்பர் 29, திங்கள்

தீபாவளிக்குள் எல்லா வேலையும் முடிந்து வெளியே போகவேண்டுமாம். டைரக்டர் இரண்டு பேரைக் கூடுதலாகத் தருகிறேன் என்றார். அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க இதே 6 பேர்தான் உட்காரவேண்டும். வேண்டாம் என்றேன். வீடு வரும்வரை கை நடுங்கியது.

அக்டோபர் 1

ஆளுக்கு இரண்டு, அதற்கு மேல் இல்லை. 11 டிக்கெட்டை பேக்லாக்குக்கு, இன்னும் தொடங்காத வேலைகளின் பட்டியலுக்கு, திருப்பி அனுப்பினேன். டிசைனருக்கு வருத்தம், அவள் ஆசையாக வரைந்த ஸ்க்ரீனும் அதில் போய்விட்டது.

அக்டோபர் 3, வெள்ளி

சிறுவர் தினம், பாப்பாவுக்குப் பள்ளி இல்லை. நாலரைக்கே கிளம்பினேன். எஸ் நாற்காலியை விட்டு எழவில்லை.

அக்டோபர் 6

எஸ் வந்து கேட்டான்: “அக்கா, நான் சரியா செய்யலையா? அதான் என் வேலையைக் குறைச்சிட்டீங்களா?”

இது எனக்குத் தோன்றவே இல்லை. வேலை போனால் சிங்கப்பூரில் வேலை பார்க்க அனுமதிக்கும் பாஸ் ரத்தாகும், அதற்கப்புறம் 30 நாள்தான் இங்கே இருக்கலாம். அந்தக் கணக்கை மனசில் வைத்துக்கொண்டு வேலை பார்ப்பவனுக்குக் காலியான கை எப்படித் தெரியும்? எனக்கு நிரந்தரவாசம் கிடைத்துப் பத்து வருடம் ஆகிறது. நான் மறந்தே போயிருக்கிறேன். போர்டை மாற்றுவதற்கு முன்னால் ஒவ்வொருவரையும் தனியாக உட்காரவைத்துப் பேசியிருக்கவேண்டும். ஏன் குறைத்தேன் என்று இன்று ஒரு மணி நேரம் சொன்னேன். தலையாட்டினான். நம்பினானா என்று தெரியவில்லை.

அக்டோபர் 8

12.40. பச்சை. கோபமாக வருகிறது.

அக்டோபர் 9, வியாழன்

எஸ்ஸிடம் கேட்டேவிட்டேன், ராத்திரி ஏன் தூங்குவதில்லை என்று.

“நீங்களும் ஆன்லைன்லதானே அக்கா இருக்கீங்க. நீங்க முழிச்சிருக்கும்போது நான் எப்படித் தூங்குறது?”

அவன் புள்ளியைப் பார்க்க நான் திறக்கும்போதெல்லாம் என் புள்ளி அவனுக்குப் பச்சையாகத் தெரிந்திருக்கிறது. எத்தனை இரவு!

ரயில் ஜூரோங் ஈஸ்ட் தாண்டுவதற்குள் போனிலிருந்து அந்தச் செயலியை நீக்கினேன்.

அக்டோபர் 13

போன வாரம் 7 முடிந்தது. ரீஃபண்ட் பக் திரும்பவில்லை. டெய்லி மீட்டிங்கில் எஸ் தானாகவே ஒரு யோசனை சொன்னான். எத்தனை நாளாயிற்று அவன் குரலை அங்கே கேட்டு.

அக்டோபர் 16, வியாழன்

“இப்போ கொஞ்சம் இடம் இருக்கே” என்கிறார் டைரக்டர். அது இடம் இல்லை, அவர்கள் மூச்சு விடுகிறார்கள். இப்படியே சொன்னேன். பார்க்கலாம் என்றார்.

அக்டோபர் 17

எஸ் இன்று இரவு திருச்சிக்கு. மடிக்கணினியை எடுத்துப் போகவா என்று கேட்டான். வாங்கி என் இழுப்பறையில் பூட்டிவிட்டேன். அம்மாவுக்கு தேக்காவில் புடவை வாங்கியிருக்கிறானாம், படம் காட்டினான். மயில் கழுத்து நிறம்.

அக்டோபர் 18, சனி

போர்டில் 16. புதிதாக வந்த நாலில் மூன்று எஸ் பெயரில்.