இரண்டு சொல் பெயரும் இறந்தவர் பெயரிலிருந்த மின்கட்டண ரசீதும்: மெக்சிகோவில் வங்கிக் கணக்குத் திறந்த அனுபவம்

சம்பளம் என் பெயரிலுள்ள மெக்சிகோ வங்கிக் கணக்கில்தான் வரவு வைக்கப்படும் என்று நிறுவனத்தின் மனிதவளப் பிரிவு வேலையில் சேர்ந்த அன்றே சொல்லிவிட்டது. அந்தக் கணக்கைத் திறப்பதற்குப் பட்ட பாட்டைத்தான் இங்கே எழுதுகிறேன். விசா வாங்கும் விதத்தைப் பற்றிப் பலர் எழுதியிருப்பதால் அதற்குள் போகவில்லை.

எனக்கு வேலை குவாதலஹாராவில். வீடு சப்பாலா ஏரிக்கரையில், அஹிஹிக் என்னும் ஊரில். அமெரிக்காவிலிருந்தும் கனடாவிலிருந்தும் பணி ஓய்வுக்குப் பின் வந்து குடியேறியவர்கள் நிறைந்த ஊர் என்பதால் மருத்துவர், குழாய் பழுது பார்ப்பவர், காய்கறிக் கடைக்காரர் என்று எல்லோரிடமும் ஆங்கிலத்திலேயே காரியம் நடந்துவிடும். குடிக்கும் நீர் 20 லிட்டர் குடுவையில் வாசலுக்கு வரும். எரிவாயு வண்டியும் தெருவுக்கே வரும். இந்த வசதியைப் பார்த்து அலுவலக வேலைகளும் இப்படியே முடிந்துவிடும் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம்.

தில்லியிலுள்ள மெக்சிகோ தூதரகம் கடவுச்சீட்டில் ஒட்டித் தரும் விசா, ஒரே ஒரு முறை நாட்டுக்குள் நுழைவதற்கானது. உள்ளே வந்த 30 நாட்களுக்குள் அதைத் தற்காலிகக் குடியிருப்பு அட்டையாக மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். இதைக் 'கான்ஹே' என்கிறார்கள். விமான நிலையத்தில் என் முறை வந்தபோது, அதிகாரி விசாப் பக்கத்தைத் திருப்பாமலேயே சுற்றுலாப் பயணிகளுக்குரிய 180 நாட்களை எழுதப் போனார். விசாப் பக்கத்தை விரித்துக் காட்டிக் "கான்ஹே, 30 நாட்கள்" என்று நான் சொன்ன பிறகே திருத்தி எழுதினார். சுற்றுலாப் பயணியாகப் பதிவாகிவிட்டால் பிறகு அதைச் சரிசெய்ய அலைய வேண்டியிருக்கும் என்பதால், முத்திரையைப் படித்துப் பார்க்காமல் அந்த மேசையை விட்டு நகராதீர்கள். அட்டைக்கு விண்ணப்பித்திருக்கும் காலத்தில் அவசரமாக ஊருக்குப் போக நேர்ந்தால், தனியே வெளியேறும் அனுமதி பெற்றுக்கொண்டுதான் கிளம்ப வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

குடியேற்ற அலுவலகத்தில் விரல் ரேகை, புகைப்படம், கட்டண ரசீது எல்லாம் தடையின்றி முடிந்தன. ஆனால் பிற்பாடு நான் பட்ட தொல்லைக்கெல்லாம் காரணமான கேள்வி அங்கேதான் முதலில் எழுந்தது.

மெக்சிகோக்காரர்களின் பெயரில் இயற்பெயர், தந்தைவழிக் குடும்பப் பெயர், தாய்வழிக் குடும்பப் பெயர் என்னும் மூன்று பகுதிகள் உண்டு. படிவங்களும் கணினித் திரைகளும் அந்த மூன்று கட்டங்களோடுதான் இருக்கின்றன. நம்மில் பலருக்கு இருப்பதுபோலவே என் கடவுச்சீட்டிலும் குடும்பப் பெயர்க் கட்டம் வெறுமையாக இருக்கிறது. என் பெயரும் அப்பாவின் பெயரும் சேர்ந்து இயற்பெயர்க் கட்டத்தில் உள்ளன. போதாக்குறைக்கு, பக்கத்தின் அடியில் கணினி படிப்பதற்காக அச்சிடப்பட்டிருக்கும் வரியில் அதே இரண்டு சொற்களும் குடும்பப் பெயருக்குரிய இடத்தில் நிற்கின்றன. ஆகவே கண்ணால் படிப்பவருக்கு நான் குடும்பப் பெயர் இல்லாதவன். கணினிக்கோ இயற்பெயர் இல்லாதவன். குடியேற்ற அலுவலகத்துப் பெண்மணி இதைக் கவனித்து, என்னைக் கேட்டு, என் பெயரை இயற்பெயராகவும் அப்பா பெயரைத் தந்தைவழிக் குடும்பப் பெயராகவும் பிரித்துப் பதிந்து, மூன்றாவது கட்டத்தை வெறுமையாக விட்டார். அட்டை அச்சாவதற்கு முன் திரையைத் திருப்பிக் காட்டச் சொல்லி எழுத்துக்கு எழுத்து சரிபார்த்தது, நான் செய்தவற்றுள் மிகவும் பயனுள்ள காரியம். ஏனென்றால் அந்த அட்டையில் உள்ளபடியேதான் 'கூர்ப்' எனப்படும் 18 எழுத்து மக்கள்பதிவு எண் உருவாகிறது. பெயரின் எழுத்துகள், பிறந்த தேதி, பாலினம் ஆகியவற்றைக் கோத்து அமைப்பது அது. தாய்வழிப் பெயர் இல்லாதவர்களுக்கு அந்த இடத்தில் எக்ஸ் என்னும் எழுத்து விழும்.

இனி வங்கிக்கு வருகிறேன். கிளையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. அங்கிருந்த இளைஞர் முகமலர்ச்சியோடு வரவேற்று, படிவத்தைப் பாதிவரை நிரப்பி, தாய்வழிக் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் வந்து நின்றுவிட்டார். கட்டத்தை வெறுமையாக விட்டால் கணினி அடுத்த பக்கத்துக்குப் போகாது என்றார். புள்ளி வைத்துப் பார்த்தார், ஏற்கவில்லை. மேலாளரை அழைத்தார். அவர் சற்றும் தயங்காமல், "அம்மாவின் பெயரைப் போட்டுவிடலாமே" என்றார். கேட்பதற்கு எளிய வழிதான். ஆனால் என் அட்டையிலும் மக்கள்பதிவு எண்ணிலும் இல்லாத ஒரு பெயர் வங்கிக் கணக்கில் ஏறினால், அந்தக் கணக்கு வேறு யாருடையதோ ஆகிவிடும். 2023 ஏப்ரல் முதல் மெக்சிகோவில் கட்டாயமாகியிருக்கும் மின்னணு ரசீது முறையில், சம்பள ரசீதிலுள்ள பெயரும் வரி எண்ணும் அஞ்சல் குறியீடும் வரித்துறைப் பதிவோடு அப்படியே பொருந்த வேண்டும். பெயர் பொருந்தாத கணக்கில் போடப்படும் சம்பளம் எந்த நேரமும் சிக்கலுக்கு உள்ளாகலாம் என்று நிறுவனத்தின் கணக்காளர் முன்பே எச்சரித்திருந்தார். எனவே மறுத்துவிட்டேன். மேலாளர் முகம் சுளித்தார்.

அடுத்து முகவரிச் சான்று. மெக்சிகோவில் எந்த அலுவலகத்துக்குப் போனாலும் அண்மைய மின்கட்டண ரசீதைக் கேட்பார்கள். எங்கள் வீட்டு ரசீதில் இருப்பது, வீட்டுக்கார அம்மையாருக்கு அந்த வீட்டை விற்றுவிட்டுப் பின்னர் காலமாகிவிட்ட ஒருவரின் பெயர். ரசீதிலுள்ள எண்ணைக் காட்டி ஆக்ஸோ கடையில் யார் வேண்டுமானாலும் கட்டணம் செலுத்தலாம் என்பதால், பெயரை மாற்ற இத்தனை ஆண்டுகளாக யாரும் மெனக்கெடவில்லை. வாடகை ஒப்பந்தத்தைக் காட்டினேன்; ரசீது என் பெயரிலோ வீட்டு உரிமையாளர் பெயரிலோ இருக்க வேண்டும் என்றார்கள். முத்தாய்ப்பாக, கடவுச்சீட்டில் இரண்டு சொற்களும் இயற்பெயராகவும் அட்டையில் ஒன்று குடும்பப் பெயராகவும் இருப்பதால், இரண்டும் ஒரே ஆளின் பெயர்தான் என்று இந்தியத் தூதரகத்திடம் கடிதம் வாங்கி வரச் சொன்னார்கள். தூதரகம் இருப்பது 500 கிலோமீட்டருக்கு அப்பால், மெக்சிகோ நகரத்தில். அதுவரை நாங்கள் இந்திய வங்கி அட்டையால் பணம் எடுத்து, ஒவ்வொரு முறையும் இரு பக்கத்துக்கும் கட்டணம் அழுது, காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தோம்.

வழி பிறந்தது வரித்துறையில். அலுவலக நண்பர் ஒருவர், "வங்கியை விட்டுவிட்டு முதலில் வரி எண் வாங்குங்கள்" என்றார். இந்த வரிசைமாற்றம்தான் இந்தக் கட்டுரையின் உபயோகமான பகுதி. வரித்துறையில் நேர ஒதுக்கீடு உடனே கிடைக்காவிட்டால் இணையவழி வரிசையில் பெயர் கொடுத்துவிட்டு மின்னஞ்சலைத் தவறாமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்; இடம் கிடைத்ததும் குறித்த காலத்துக்குள் உறுதிசெய்யாவிட்டால் அது அடுத்தவருக்குப் போய்விடும். அங்கே முகவரிக்கான மின்கட்டண ரசீது விண்ணப்பதாரர் பெயரில் இருக்க வேண்டியதில்லை. மூன்றாம் நபர் பெயரிலும் இருக்கலாம், நான்கு மாதங்களுக்கு மேல் பழையதாக இல்லாமலிருந்தால் போதும். மறைந்த அந்த மனிதரின் ரசீதை ஊழியர் ஒரு பார்வை பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டார். கையில் பென் டிரைவ் கொண்டுபோயிருந்ததால் மின்னணுக் கையொப்பமும் அன்றே பதிவாயிற்று. வெளியே வரும்போது, என் பெயரும் வரி எண்ணும் அஹிஹிக் முகவரியும் அச்சிட்ட வரிநிலைச் சான்றிதழ் கையில் இருந்தது. வரித்துறைப் பதிவுச் சான்றை வங்கிகள் முகவரிச் சான்றாக ஏற்கலாம் என்பதை அந்த முதல் கிளையில் ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை.

அந்தச் சான்றிதழோடு அதே வங்கியின் வேறொரு கிளைக்குப் போனேன். அங்கிருந்த பெண்மணி அரசு இணையதளத்தில் என் மக்கள்பதிவு எண்ணைத் தட்டிப் பார்த்து, அதில் வந்த பெயரை அட்டையோடு ஒப்பிட்டார். பிறகு, தாய்வழிக் குடும்பப் பெயர் கட்டத்துக்குப் பக்கத்திலேயே இருந்த 'இரண்டாம் குடும்பப் பெயர் இல்லை' என்ற சிறு கட்டத்தில் ஒரு குறியிட்டார். அவ்வளவுதான், திரை அடுத்த பக்கத்துக்கு நகர்ந்தது. முதல் கிளையில் கணினியின் மேல் போட்ட பழியெல்லாம் அந்த ஒரு சொடுக்கில் பொய்யாகிப் போனது. தூதரகக் கடிதம் என்ற பேச்சே எழவில்லை. ஒரு கிளையில் முடியாது என்றால் வாதாடி நேரத்தை வீணாக்காமல் இன்னொரு கிளைக்குப் போய்விடுங்கள் என்று இங்குள்ள கனடாக்காரர்கள் சொன்னபோது நான் நம்பவில்லை. இப்போது நானே அதைப் பிறருக்குச் சொல்கிறேன்.

கையெழுத்தில் மட்டும் சிறு தாமதம் ஏற்பட்டது. நான் தமிழில் கையெழுத்திடுபவன், கடவுச்சீட்டிலும் அப்படியே. ஒப்பந்தத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் அதைப் போடச் சொல்லி, சுழிகளைக் கடவுச்சீட்டோடு ஒத்துப் பார்த்தார்கள். அவசரத்தில் சுருக்கிப் போட்ட ஒன்றை மறுபடியும் போட வைத்தார்கள். தமிழில் கையெழுத்திடுவதில் தடையேதும் இல்லை. ஆனால் கடவுச்சீட்டில் உள்ளதுபோலவே பொறுமையாகப் போடுங்கள்.

மனைவியை அழைத்துவர இருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். திருமணச் சான்றிதழுக்கு இந்தியாவிலேயே அப்போஸ்டில் (ஆவணம் வெளிநாட்டில் செல்லுபடியாவதற்கான அரசுச் சான்று) முத்திரை பெற்று, ஸ்பானிய மொழிபெயர்ப்பையும் அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளரிடம் செய்துகொள்ள வேண்டும். சான்றிதழில் உள்ள இருவர் பெயரும் கடவுச்சீட்டில் உள்ளதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கிறதா என்று முத்திரைக்குக் கொடுக்கும் முன்பே பாருங்கள். முதலெழுத்து ஓரிடத்தில் விரிந்தும் மற்றோரிடத்தில் சுருங்கியும் இருந்தால் ஊரிலேயே சரிசெய்துகொள்வது நல்லது. கடவுச்சீட்டைப் புதுப்பிக்கும் தறுவாயில் இருப்பவர்கள், குடும்பப் பெயர்க் கட்டத்தையும் அப்போதே நிரப்பிக்கொண்டு கிளம்புங்கள். அட்டை வந்த பிறகு மாற்றினால் இங்கே ஒவ்வொரு பதிவையும் முதலிலிருந்து திருத்த வேண்டிவரும். வேலைவாய்ப்பின்பேரில் கிடைக்கும் முதல் அட்டை ஓராண்டுக்குத்தான் செல்லும். முடிவதற்கு முந்தைய 30 நாட்களில் புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம். இடையில் வீட்டையோ வேலையையோ மாற்றினால் 90 நாட்களுக்குள் குடியேற்றத் துறைக்குத் தெரிவித்துவிட வேண்டும்.